வண்ணப் படத்தைக் கடைசியில் பாருங்கள்: போட்டோஅகூஸ்டிக் ஆய்வகத்தில் கற்றவை

போட்டோஅகூஸ்டிக் கருவியைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வண்ணப் படத்தைத்தான். கறுப்புப் பின்னணியில் கையின் ரத்தக்குழாய்கள், தமனி சிவப்பாக, சிரை நீலமாக. ஊசி போடவில்லை, சாயம் ஏற்றவில்லை, எக்ஸ்ரே கிடையாது. படம் அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. சில வருடங்களாக இந்தக் கருவியோடு மல்லுக்கட்டுகிறவள் என்கிற முறையில், ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: வண்ணப் படத்தைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேசரிலிருந்து 5 முதல் 10 நானோவினாடி நீளமுள்ள ஒளித்துடிப்பு ஒன்று தோலில் விழுகிறது. உள்ளே பரவும் ஒளியை ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிச் சற்றே சூடாகிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடு ஏறினாலே அந்த இடத்தில் சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் கூடிவிடும். சூடு பரவவோ திசு விரிந்து தளரவோ நேரமில்லாத அளவுக்குத் துடிப்பு குட்டையாக இருப்பதால், அந்த அழுத்தம் அல்ட்ராசவுண்ட் அலையாகக் கிளம்புகிறது. தோல்மேல் வைத்திருக்கும் ப்ரோப், அதாவது ஒலியை உணரும் கருவி, அதைக் கேட்கிறது. மென்திசுவில் ஒலி மைக்ரோவினாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போகும். ஆக, 2 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து கிளம்பிய சத்தம் 13 மைக்ரோவினாடியில் வந்து சேரும். எப்போது வந்தது என்பதை வைத்து எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடுகிறோம்.

ஒளியை வைத்தே படமெடுத்தால் என்ன என்று கேட்பார்கள். திசுவுக்குள் போன ஒளி ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் திசையை மறந்துவிடுகிறது. டார்ச் மேல் உள்ளங்கையை வைத்தால் கை முழுக்கச் சிவந்து ஒளிர்கிறதே தவிர நரம்பு எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. ஒலி அவ்வளவு சிதறுவதில்லை. போட்டோஅகூஸ்டிக்கில் ஒளி எந்த வழியாகச் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, ரத்தத்தைப் போய்ச் சேர்ந்தால் போதும். இடத்தைக் காட்டும் வேலையை ஒலி பார்த்துக்கொள்ளும்.

இந்த விளைவு ஒன்றும் புதிதில்லை. துண்டு துண்டாக வெட்டிய சூரிய ஒளியை மெல்லிய தகடுகளின் மேல் பாய்ச்சினால் சத்தம் வருவதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880ஆம் ஆண்டே கண்டுபிடித்தார். டெலிபோனுக்குப் பிறகு ஒளியால் பேச்சை அனுப்பும் போட்டோபோனில் அவர் மூழ்கியிருந்த காலம் அது. உயிருள்ள உடம்பில் இதைப் பயன்படுத்த, போதுமான சக்தியோடு குட்டைத் துடிப்புகளைத் தரும் லேசர்களும் கணினிகளும் வர வேண்டியிருந்தது. 2003இல் ஆய்வாளர் லிஹோங் வாங்கின் குழு எலியின் மூளை ரத்தக்குழாய்களை மண்டைத் தோல் வழியாகவே படமெடுத்துக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

லேசரை ஆன் செய்ததும் அளக்கத் தொடங்கக் கூடாது. அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். அதற்கு முன் துடிப்புக்குத் துடிப்பு சக்தி தள்ளாடும். அந்த நேரத்தில் கண்ணுக்கு மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடியைச் சரிபார்க்கலாம். 532 நானோமீட்டர் பச்சைக்கான கண்ணாடி 760க்கோ 850க்கோ உதவாது. கண்ணாடியின் விளிம்பிலேயே எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்று பொறித்திருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அகச்சிவப்புக்குப் பக்கத்தில் போகப் போக ஒளி மங்கலான சிவப்பாகத் தெரியும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. கண்ணுக்கு மங்கலாக இருக்கிறதே என்று யாராவது அசட்டையாக இருந்துவிட்டால் அவ்வளவுதான். விழித்திரைக்குப் போகும் சக்தி முழுசாகப் போய்க்கொண்டிருக்கும். மோதிரம், கைக்கடிகாரம், பளபளக்கும் பெல்ட் பக்கிள் எல்லாம் வெளியே.

தோலுக்கும் வரம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு துடிப்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல், 800 நானோமீட்டரில் அது 30க்குச் சற்று மேல், 1064இல் 100. இந்த எண்களைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். கூடவே சராசரி வரம்பு ஒன்றும் இருப்பதை மறந்துவிடுவார்கள். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து ஒளி விழுந்தால், கண்ணுக்குத் தெரியும் பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். வினாடிக்கு 10 துடிப்பு அடிக்கும் லேசரில் 20 மில்லிஜூல் சரியாக 200 மில்லிவாட். அதுவே 20 துடிப்பு லேசராக இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் பாதியாகக் குறைய வேண்டும். புதிய லேசர் வேகமானது என்று சந்தோஷப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பரப்பளவை, ஒளியைக் கொண்டுவரும் ஃபைபரின் முனையில் அளந்து பயனில்லை, தோலில் வெளிச்சம் விழும் இடத்தில்தான் அளக்க வேண்டும். நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் விழும் ஒளிக்கு நடுப்பகுதியின் எண்தான் கணக்கு.

ஆளின் கைக்குப் போகும் முன் ஃபேண்டம், அதாவது திசுவுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் மாதிரி. அகார் பொடியைத் தண்ணீரில் எடைக்கு ஒன்றரை சதவீதம் கரைத்துக் கொதிநிலை வரை சூடாக்கி, 50 டிகிரி அளவுக்கு ஆறியதும் இன்ட்ராலிப்பிட் சேர்த்து வார்த்துவிடலாம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்புப் பால்மம்தான் இன்ட்ராலிப்பிட். ஒரு சதவீதக் கலவை தோலடித் திசு போலவே ஒளியைச் சிதறடிக்கும். உள்ளே இரண்டு மூன்று ஆழங்களில் கறுப்பு நூலை இழுத்துக் கட்டி வைக்கிறோம். கலக்கும்போது மெதுவாகக் கலக்க வேண்டும். காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் ஒலி அங்கேயே எதிரொலித்துத் திரும்பிவிடும், அடியில் இருக்கும் நூல் காணாமல் போய்விடும். வெற்றிடக் குடுவை இருந்தால் குமிழியை இழுத்துவிடலாம்.

இந்த நூலைப் படமாகப் பார்க்காமல், ப்ரோப்பில் இருக்கும் பல உணர்வி உறுப்புகளில் ஒன்றே ஒன்று கேட்ட சத்தமாக, சமிக்ஞையை வளைகோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்கச் சொல்வேன். லேசர் அடிக்கும் கணத்தில் ஒரு முரட்டுக் குத்து வரும். அது மின்காந்த இரைச்சலும், சிதறிய ஒளி ப்ரோப்பின் முகத்திலேயே பட்டு எழுப்பும் சத்தமும் சேர்ந்தது; அதில் திசு எதுவுமில்லை. அப்புறம் அமைதி. அப்புறம் முதல் நூலுக்கு மேலே ஒரு கூர், உடனே கீழே ஒரு கூர். இன்னும் சில மைக்ரோவினாடி கழித்து இரண்டாவது நூல், அதே வடிவத்தில், சிறியதாக. மேலும் கீழுமான அந்தச் சோடிதான் ஒளியை உறிஞ்சிய ஒரு பொருளின் கையெழுத்து. இதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் பிறகு படத்தில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் உடனே மூலச் சத்தத்துக்குப் போய்ப் பார்ப்பார்கள். பழகாதவர்கள் மென்பொருளில் வண்ண அளவுகோலைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சங்கதி. சாதாரண அல்ட்ராசவுண்டில் ஒலி போய்த் திரும்பி வரும், அதனால் மென்பொருள் நேரத்தைப் பாதியாக்கி ஆழம் போடும். இங்கே ஒலி ஒருவழிப் பயணம்தான் செய்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியை அப்படியே இதற்குப் பயன்படுத்தினால் 2 சென்டிமீட்டரில் இருக்கும் நூல் ஒரு சென்டிமீட்டரில் உட்கார்ந்திருக்கும். ஆழம் தெரிந்த நூல் இருந்தால் இது முதல் நிமிடத்திலேயே பிடிபடும்.

சோதனைத் தொட்டியில் இருக்கும் தண்ணீரின் வெப்பநிலையையும் யாரும் கண்டுகொள்வதில்லை. சூடானால் எவ்வளவு விரியும் என்பதைப் பொறுத்துத்தான் சத்தம் எழுகிறது. தண்ணீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாக இருக்கும், அந்த இடத்தில் சூடாக்கினாலும் விரியாது. ஆகவே 4 டிகிரித் தண்ணீர் ஒளியை உறிஞ்சினாலும் சத்தம் போடாது. 22 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையிலேயே தண்ணீரின் சத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. காலையில் குளிர்ந்த தொட்டியில் எடுத்த எண்ணையும் மதியம் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள், தொட்டியில் ஒரு வெப்பமானியைப் போட்டுவைப்பது நல்லது. ஆளின் கையிலும் குளிர் விளையாடும், காரணம் வேறு. கை சில்லிட்டிருந்தால் விரலின் சின்னக் குழாய்கள் சுருங்கிவிடும், படத்தில் பாதி விரல் வெறிச்சென்று கிடக்கும். கொஞ்ச நேரம் கதகதப்பான அறையில் உட்காரவைத்தால் திரும்பி வரும்.

இனி கை. ஜெல்லைத் தாராளமாகப் பூசி, ப்ரோப்பைத் தோல்மேல் மிதக்கவிட வேண்டும். அல்ட்ராசவுண்ட் பழகியவர்களுக்கு அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருக்கும். தோலடிச் சிரைக்குள் அழுத்தம் மிகக் குறைவு, விரலால் லேசாக அமுக்கினாலே தட்டையாகி ரத்தம் ஒதுங்கிவிடும். "நேத்து இங்க ஒரு சிரை இருந்துச்சே" என்று தேடுகிறவர்களின் கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் சிரை திரும்ப வந்துவிடும். தோலில் முடி இருந்தால் மழித்துவிட வேண்டும், ஒவ்வொரு முடியும் அந்தக் கறுப்பு நூல் மாதிரியே கத்தும். பச்சை குத்திய இடத்தையும் மச்சத்தையும் தவிர்த்துவிட வேண்டும்.

முன்கையில் படம் வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, சிரை ஏன் இரண்டு கோடாகத் தெரிகிறது என்பது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் வெற்றிடம். குழாயின் சுவர் தெரிகிறது என்று தாங்களே விடையும் சொல்லிக்கொள்வார்கள். சுவரில் ஹீமோகுளோபின் எங்கே இருக்கிறது? சத்தம் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ரத்தத் தூண் எழுப்பும் சத்தத்தின் பெரும்பகுதி ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும், அதாவது கட்டைக்குரல். 7 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்துச் செய்த ப்ரோப்புக்கு அது காதிலேயே விழாது. ரத்தம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஏற்படும் சட்டென்ற மாற்றம் மட்டும் கீச்சுக்குரலாக அதற்குக் கேட்கும். கீழ்க்கோடு மங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு: 800 நானோமீட்டரில்கூட 2 மில்லிமீட்டர் ரத்தத்தைத் தாண்டும் ஒளி பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. ஆகவே பெரிய குழாயின் உள்ளே இருட்டாக இருந்தால் அங்கே ரத்தம் இல்லை என்று பொருளில்லை. பெரிய குழாய்தான் முக்கியம் என்றால் தாழ்ந்த அதிர்வெண் ப்ரோப் வாங்க வேண்டும். அப்படிச் செய்தால் நுண்குழாய்கள் குழம்பிப் போகும். இரண்டும் ஒரே ப்ரோப்பில் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொன்னால், எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை கேட்கும் என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேராக வரிசையாக உறுப்புகள் கொண்ட ப்ரோப்புக்கு இன்னொரு குருட்டுத்தனமும் இருக்கிறது. நீண்ட குழாயிலிருந்து ஒலி அதன் பக்கவாட்டில்தான் கிளம்பும். தோலுக்கு இணையாக ஓடும் குழாயின் சத்தம் நேராக ப்ரோப்புக்கு வருகிறது. செங்குத்தாகக் கீழிறங்கும் குழாயின் சத்தம் இடமும் வலமுமாகப் போய்விடும், ப்ரோப் அங்கே இல்லை. கிளைவிட்டு ஆழத்துக்குப் போகும் நாளம் திடீரென்று அறுந்த மாதிரி தெரிவது இதனால்தான். ப்ரோப்பைச் சாய்த்துப் பார்த்தால் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அரைவட்டமாகவோ கிண்ண வடிவமாகவோ சுற்றி உறுப்புகளை வைக்கும் கருவிகள் இதற்காகத்தான். மூச்சை ஒரு தரம் அடக்கிக்கொள்ளும் 15 வினாடிக்குள் மார்பகத்தின் ரத்தக்குழாய்களை 4 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக்காட்டிய 2018ஆம் ஆண்டு ஆய்வில் வளைய வடிவத்தில் சுற்றி உறுப்புகள் வைத்திருந்தார்கள்.

போலிக் கோடுகள்தான் எனக்குப் பிடித்த பாடம். ஒருநாள் விரலைப் படமெடுத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன், "அக்கா, இந்தக் குழாய் எலும்புக்கு அந்தப் பக்கம் போகுதே, அங்க இவ்ளோ பளிச்சுனு ரத்தம் தெரியுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தெரியாது. அங்கே ஓடியது தோலின் நிழல். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சி எழுப்பும் சத்தம் மேலே ப்ரோப்புக்கு வருவதோடு கீழேயும் போகிறது. போய் எலும்பில் மோதி எதிரொலித்துத் திரும்பி வருகிறது. தாமதமாக வந்ததால் கருவி அதை ஆழத்தில் இருக்கும் பொருளாக வரைந்துவிடுகிறது. தோலுக்கு 5 மில்லிமீட்டர் கீழே எலும்பு என்றால், போலிக் கோடு தோலுக்கு 10 மில்லிமீட்டர் கீழே வந்து உட்காரும்.

கண்டுபிடிக்க இரண்டு வழி வைத்திருக்கிறோம். அதே இடத்தில் சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தையும் எடுத்து, பளிச்சென்று எதிரொலிக்கும் பரப்பு தோலிலிருந்து எவ்வளவு கீழே என்று பார்ப்பது ஒன்று. அதன் இரட்டிப்பு ஆழத்தில் போட்டோஅகூஸ்டிக் கோடு இருந்தால் சந்தேகப்படலாம். இரண்டாவது, ப்ரோப்பை மெல்ல அமுக்கித் திசுவை ஒரு மில்லிமீட்டர் நசுக்குவது. எலும்பு தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டே வந்தால், போலிக் கோடு இரண்டு மில்லிமீட்டர் மேலேறும். நிஜக் குழாய் அப்படி இரட்டிப்பாக நகராது. அந்தத் தம்பிக்கு இதை அவன் விரலிலேயே செய்து காட்டினேன். கோடு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பழைய படங்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு ஸ்கேல் வைத்து அளக்கத் தொடங்கிவிட்டான்.

இப்போது ஆக்சிஜன். இங்கேதான் வண்ணம் நுழைகிறது: ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதைத்தான் சிவப்பும் நீலமும் காட்டுகின்றன.

எந்த ஒளியைப் போடுவது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பச்சையில், 532 நானோமீட்டரில், ஹீமோகுளோபின் 800இல் உறிஞ்சுவதைப் போல ஐம்பது மடங்கு உறிஞ்சும். மேல்தோலுக்கு அடியில் நுண்குழாய்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் பச்சை அருமையானது, ஆனால் அதற்குக் கீழே போகாது. சென்டிமீட்டர் கணக்கில் போக 700க்கும் 900க்கும் இடைப்பட்ட ஒளி வேண்டும். 760இல் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜன் ஏற்றியதைவிட இரண்டரை மடங்கு அதிகம் உறிஞ்சுகிறது. 850இல் ஆக்சிஜன் ஏற்றியது ஒன்றரை மடங்கு அதிகம். 800க்குப் பக்கத்தில் இரண்டும் சமம். ஆகவே 760இல் வந்த சத்தத்தை 850இல் வந்த சத்தத்தால் வகுத்தால், 98 சதவீத ஆக்சிஜன் உள்ள தமனியில் சுமார் 0.58 வரும், 75 சதவீத சிரையில் 0.85 வரும். கணக்கு இவ்வளவுதான், பள்ளிக்கூட அல்ஜீப்ரா.

இந்தக் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. இரண்டு அலைநீள ஒளியும் சம அளவில் குழாயைப் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம். நடுவில் தோலும் மெலனினும் வேறு குழாய்களும் இருக்கின்றன, அவை 760ஐ ஒரு மாதிரியும் 850ஐ ஒரு மாதிரியும் விழுங்கும். 760 ஒளி நினைத்ததைவிடப் பத்து சதவீதம் குறைவாகப் போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். 75 சதவீத சிரை 82 சதவீதமாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் தமனியோ 103 சதவீதம் காட்டும்.

அந்த 103தான் உங்களுக்கு உதவப்போகிற எண். நூறைத் தாண்டிய ஆக்சிஜன் எந்த உடம்பிலும் கிடையாது, ஆகவே ஒளிக்கணக்கு பிசகியிருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் நான் பார்த்த மென்பொருள்களில் பெரும்பாலானவை நூறுக்கு மேலே வருவதை நூறாக வெட்டி, அழகான சிவப்பாகக் காட்டிவிடுகின்றன. பார்க்கிறவர் தமனி அருமையாக வந்திருக்கிறது என்று நம்பி, பக்கத்துச் சிரையின் 82ஐயும் நம்பிவிடுவார். அமைப்பில் தேடி அந்த வெட்டலை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் மூலத் தரவை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள். படத்தில் ஒரு தமனியாவது இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அது 95க்கும் 100க்கும் இடையில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

இதைவிடச் சில்லறையான காரணங்களாலும் விகிதம் கெடும். லேசர் 760இல் தரும் சக்தியும் 850இல் தரும் சக்தியும் ஒன்றல்ல. ஒவ்வொரு துடிப்பும் கூடக்குறைய இருக்கும். ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து, ஒளியை அளக்கும் ஒரு போட்டோடயோடுக்கு அனுப்பி, ஒவ்வொரு துடிப்பின் சக்தியையும் பதிவு செய்து வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த ஆக்சிஜன் படம் லேசரின் மனநிலையைத்தான் காட்டும். அதேபோல 760இல் நூறு துடிப்பு எடுத்து முடித்துவிட்டு 850க்குப் போகக் கூடாது. இடையில் கை நகர்ந்திருக்கும், மூச்சு விட்டிருப்பார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக அலைநீளத்தை மாற்றி அடிக்கும் வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்போதும் மணிக்கட்டுத் தமனி நாடியோடு துள்ளும், அதனால் பல நாடித் துடிப்புகளுக்குச் சராசரி எடுக்க வேண்டும்.

தனி எண்ணில் எனக்கு நம்பிக்கை குறைவு, மாற்றத்தில் நம்பிக்கை உண்டு. மேல்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி 50 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் ஏற்றினால் சிரை மட்டும் அடைபடும். முன்கையில் சிரை உப்பிக்கொண்டு வருவதைத் திரையில் பார்க்கலாம். சிஸ்டாலிக் அழுத்தத்துக்கு (இதயம் சுருங்கும்போது தமனியில் வரும் உச்ச அழுத்தம்) மேலே ஏற்றினால் தமனியும் நின்றுவிடும். அப்போது திசு உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்னத் தொடங்கும். 760 மெல்ல ஏறும், 850 மெல்ல இறங்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பட்டையைத் திறந்துவிட்டால் ரத்தம் பாய்ந்து வந்து, எல்லாம் பழைய அளவைத் தாண்டிப் போய், பிறகு இறங்கி நிற்கும். தோலின் நிறமும் ஒளிக்கணக்கின் பிசகும் இந்த நிமிடங்களில் பெரிதாக மாறுவதில்லை, ஆகவே வளைகோட்டின் வடிவத்தை நம்பலாம். வளைகோடே வரவில்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ரத்தம்தானா என்பதே சந்தேகம். எல்லோருக்கும் பட்டை கட்டக் கூடாது, ரத்தம் உறையும் பிரச்சினை உள்ளவர்களை விட்டுவிட வேண்டும், நெறிக்குழுவின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இதெல்லாம் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

எண்ணையே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் உறையாமல் இருக்க மருந்து கலந்த விலங்கு ரத்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் ஓட்டிப் பார்க்கலாம். ஆக்சிஜனை எடுக்க சோடியம் டைதயோனைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். ஏற்றுவதற்கு ஆக்சிஜனை ரத்தத்துக்குள் குமிழியிட்டால் நுரை பொங்கும், சிவப்பணுக்கள் உடையும். மேற்பரப்பின் மேல் வாயுவை ஓடவிட்டு மெல்லக் கலக்குவதுதான் சரி. பம்பை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அணுக்கள் அடியில் படிந்துவிடும், குழாயின் கீழ்ப்பாதி மட்டும் சத்தம் போடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை ஒளியால் நேரடியாக அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் வேண்டும். சில ரத்தவாயுக் கருவிகள் ஆக்சிஜன் அழுத்தத்தை அளந்து, மனித ரத்தத்துக்கான சூத்திரத்தில் போட்டுச் சதவீதத்தைச் சொல்லிவிடும். ஆட்டு ரத்தத்துக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது.

மருத்துவமனைகளில் இது எங்கே நிற்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: குடலில் நீண்டகால அழற்சி உண்டாக்கும் குரோன் நோயில் குடல் சுவரில் ரத்தம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை வயிற்றின் மேலிருந்தே அளந்து, அழற்சி எவ்வளவு தீவிரம் என்று சொல்ல முடியும் என்பதை 2017இல் ஜெர்மன் குழு ஒன்று காட்டியது. மார்பகக் கட்டியை ஆராய, அல்ட்ராசவுண்டையும் இதையும் சேர்த்த கருவி ஒன்றுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இல் அனுமதி கொடுத்தது. மூட்டு அழற்சி, விரல்களில் ரத்த ஓட்டக் குறைவு என்று ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

கடைசியாகத் தோலின் நிறம். இதைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். என் கை போன்ற கருத்த தோலில் மெலனின் அதிகம். மேற்பரப்பிலேயே பெரிய சத்தம் எழும், உள்ளே போகும் ஒளி குறையும், மேலே சொன்ன போலிக் கோடுகள் பெருகும், 760இல் 850ஐவிட மெலனின் அதிகம் உறிஞ்சுவதால் ஆக்சிஜன் கணக்கும் ஒரு பக்கமாகச் சாயும். பல்ஸ் ஆக்சிமீட்டரும் இரண்டு அலைநீள விகிதத்தை நம்பிய கருவிதான். 1970களில் ஜப்பானில் டகுவோ அவோயாகி அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். 2020இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, அந்தக் கருவியில் தெரியாமல் மறைந்துபோன ஆக்சிஜன் குறைவு வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. அவ்வளவு காலம் உலகம் முழுக்க விரல்களில் மாட்டியிருந்த கருவி அது.

அதனால் எங்கள் ஆய்வகத்தில் கைகொடுக்க வருகிற ஒவ்வொருவரின் தோல் நிறத்தையும் நிறமானியால் அளந்து, அலைநீளம், துடிப்புச் சக்தி, அறை வெப்பநிலை, ப்ரோப்பின் அதிர்வெண் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் பதிவு செய்கிறோம். இரைச்சல் அதிகம் என்று கருத்த தோலின் தரவை ஒதுக்கிவைக்க யாருக்கும் அனுமதி இல்லை. சத்தத்திலிருந்து படத்தை உருவாக்கும் புதிய மறுகட்டமைப்பு நிரலை யாராவது எழுதிக்கொண்டு வந்தால், முதலில் அந்தக் கோப்புகளில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். வெளுத்த கைகளின் படங்கள் அதற்குப் பிறகு.